நூற்று முப்பத்தெட்டாம் இலக்கப் பொருள்

கடல் குணரத்தினத்தின் வீட்டுக்கு முன்னால் கிடந்தது. வள்ளம் மணலில் கிடந்தது. நெத்தலி, சல்லி என்ற அந்த ஊரின் கரையில் நின்று பார்த்தாலே தெரிகிற தூரத்தில், தண்ணீரைக் கறுக்கவைத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக நின்றது. இவற்றை ஒன்றுசேர்க்க ஒரேயொரு கடதாசி தேவைப்பட்டது. அந்தக் கடதாசிதான் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வைகாசி மாதம். சண்டைக் காலம். தெருவில் நடக்கவே கடதாசி கேட்கிற நாளில், கடலில் இறங்குகிறவனிடம் கேட்பதில் புதுமை ஒன்றுமில்லை. பெயர், படம், ஊர், அடையாள அட்டை இலக்கம், வள்ளத்தின் இலக்கம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து முத்திரை குத்தித் தருவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குணரத்தினத்தின் சீட்டு சித்திரைக் கடைசியோடு செத்துப்போனது.

அதைப் புதுப்பிக்கிற இடம் திருகோணமலைப் பட்டினத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. 'கரையோரத் தொழில் அனுமதி ஒருங்கிணைப்புப் பணிமனை' என்பது அதன் திருநாமம். பெயர்ப்பலகையில் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தையும் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். சனங்கள் 'கந்தோர்' என்று சொல்லி வேலையை முடித்துக்கொண்டார்கள்.

குணரத்தினத்துக்கு நாற்பத்தாறு வயது. கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. பெண்சாதி பூரணி கரையில் நெத்தலி காயவைத்து விற்பாள். இரண்டு பெட்டைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் பிடிக்கிறதைப் பிடித்தால்தான், கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளித்து நிற்கும்போது அடுப்பு எரியும். இந்தப் பருவம் தவறினால் மாரி முழுவதும் நிவாரணக் கோதுமை மாவும் கடவுளும்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், சீட்டு ஒரே கிழமையில் வந்துவிட்டது. ஒட்டிய உறைக்குள் வைத்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். குணரத்தினம் அதை உடைத்துப் பார்க்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய் சாமிப் படத்தடியில் வைத்தார். மறுநாள் விடியக் கரையில் இருந்த காவலரணில் நீட்டினார்.

காவலுக்கு நின்றவன் சின்ன வயதுச் சிங்களப் பெடியன். ஏழு மாதமாக அங்கேதான் நிற்கிறான். குணரத்தினத்தையும் தெரியும், அவர் கொடுத்த மீனின் ருசியும் தெரியும். தாளை முன்னும் பின்னும் திருப்பினான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். வெள்ளைத் தாள். ஒரு மூலையில் மட்டும், சாம்பற் கையால் தொட்டமாதிரி ஒரு மங்கல்.

"பேர் எங்க? படம் எங்க?" என்றான்.

"என்னை உங்களுக்குத் தெரியும்தானே, தம்பி."

"நான் உங்கள தெரியும், அய்யா. பேப்பர் உங்கள தெரியாது. என்ன செய்ற?"

நியாயமான கேள்வி. குணரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டினத்துக்கு ஓடினார்.

கந்தோரின் தலைவர் அருளம்பலம். ஒரு ஆள் கேட்டாலும் ஆயிரம் பேர் கூடிய கூட்டத்துக்குப் பேசுவதுபோலத்தான் பதில் சொல்லுவார். வெள்ளைத் தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"சீட்டு வழங்கியாச்சு. பதிவேட்டில கிடக்கு. அச்சு கொஞ்சம் மங்கல் எண்டு நீங்கள் சொல்லலாம். வழங்கேல்லை எண்டு சொல்ல ஏலாது."

"மங்கல் இல்லை சேர். ஒண்டுமே இல்லை."

"ஒண்டுமில்லை எண்டு சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லையெண்டால் கடவுளும் இல்லை எண்டல்லோ வரும்? பிரிண்டரில மை இல்லை. ஏன் இல்லை? ஏனெண்டால் நாங்கள் உலகத்தைக் காப்பாத்திக்கொண்டிருக்கிறம்."

அவர் உலகத்தைக் காப்பாற்றிய விதம் இது. அதற்கு முந்திய வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்திருந்தது. பிரிண்டருக்குள் மை அடைத்துப் போடுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, காட்ரிஜ் என்பார்களே, அதை முடிந்ததும் எறியக் கூடாது; மீள்சுழற்சிக்கு ஒப்படைக்க வேண்டும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். ஆகக் கூடுதலாக ஒப்படைக்கிற கந்தோருக்குப் பசுமைக் கேடயம். இதுவரை எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருந்தது: ஒப்படைக்கும் காட்ரிஜ் ஒவ்வொன்றும் முற்றாக வெறுமையானது, பாவனைக்கு உதவாதது என்று பொருட்கணக்கெடுப்புச் சபை நேரில் வந்து சோதித்து, நீக்கியிருக்க வேண்டும்.

அரசாங்கத்தில் ஒரு உடைந்த கதிரையை எறிவதென்றாலும் அந்தச் சபைதான் வந்து, பார்த்து, 'உடைந்தது' என்று கையொப்பம் வைக்க வேண்டும். திருகோணமலைக்கு அது வந்து ஏழு வருடம். பாதை பூட்டியிருந்த காலத்தில், பாதை பூட்டு என்றார்கள். திறந்த காலத்தில், எப்போது பூட்டுவார்களோ தெரியாது என்றார்கள். ஆகவே இருநூற்றுப் பதினாலு வெற்றுக் காட்ரிஜ்கள் அருளம்பலத்தின் அலுமாரிக்குள் இலக்கம் ஒட்டப்பட்டு உட்கார்ந்திருந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் வரவில்லை.

"பேனையால எழுதித் தாங்கோவன் சேர்," என்றார் குணரத்தினம்.

அருளம்பலம் பதறிப்போனார். "பேனையாலயோ? பேனையால ஆரும் எழுதலாம். அப்ப அதுக்கு என்ன மதிப்பு? உங்களுக்கு ஒண்டு விளங்குதோ, ஒரு காட்ரிஜ் மண்ணில உக்கிப்போக ஆயிரம் வருஷம் செல்லும்!"

"நெத்தலி உக்கிப்போக ஒருநாள் காணும், சேர்," என்றார் குணரத்தினம்.

கந்தோரில் மனிதர் என்று சொல்லக்கூடிய ஒருவர் களஞ்சியக் காப்பாளர் மஹ்ரூப். கிண்ணியாக்காரர். அலுமாரித் திறப்புக் கொத்தும் காட்ரிஜ்களின் சுகதுக்கமும் அவர் கையில்தான். குணரத்தினத்தை விறாந்தைக்குக் கூட்டிப்போய்க் காதுக்குள் சொன்னார்.

"அண்ணன், நெத்தலி காயப்போட்டுப் பழக்கம்தானே? இதையும் கொஞ்சம் காயப்போடுங்க. வெயில் பட்டா அடியில உறைஞ்ச மை இளகும். பொறகு பதினொரு தரம் குலுக்கணும். வாயை ஈரத்துணியால துடைக்கணும். அல்லாஹ் நாடினா அரைப் பக்கமாவது வரும்."

முற்றத்துக்குப் போனபிறகுதான் குணரத்தினம் கண்டார்: இது மஹ்ரூபின் கைவைத்தியம் அல்ல, கந்தோரின் நடைமுறை. ஆறேழு பேர் ஆளுக்கொரு காட்ரிஜ்ஜைக் கடதாசியில் வைத்துக்கொண்டு வெயிலில் குந்தியிருந்தார்கள். சுவரில் 'வெப்பமூட்டும் பகுதி' என்று எழுதி, 'காகங்களுக்குப் பணிமனை பொறுப்பல்ல' என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். குணரத்தினம் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம்வரை காகம் கலைத்தார். பிறகு குலுக்கினார். பதினொன்றுக்குப் பயன் இராமல் இருபத்திரண்டு தரம் குலுக்கினார்.

பிரிண்டர் முனகி முனகி ஒரு தாளைத் துப்பியது. அதில் அவருடைய முகத்தின் இடப்பக்கமும், 'குண' என்ற இரண்டு எழுத்தும், வள்ளத்தின் இலக்கத்தில் முன்பாதியும் விழுந்திருந்தன.

காவலரண் பெடியன் தாளையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். "பாதி ஆள் போகலாம், அய்யா," என்றான். "மத்த பாதி இங்க வச்சிட்டுப் போங்க."

அவன் பகிடிக்குச் சொன்னானோ, உண்மையாகச் சொன்னானோ தெரியாது. குணரத்தினம் சிரிக்கவில்லை. அன்றைக்கு நெத்தலி இன்னும் கிட்ட வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்களின் வள்ளங்கள் நிறைந்து வந்தன. அவர்களுடைய சீட்டு மாசியில், காட்ரிஜ்ஜில் உயிர் இருந்த காலத்தில் அடித்தது. பூரணி அவர்களுடைய மீனைக் கூலிக்கு உலர்த்தினாள். வீட்டுக்கு வந்து வெற்றுச் சாக்கை உதறிப்போட்டு, "இஞ்சேருங்கோ, பட்டினத்தில அஸீம் எண்டொரு பெடியன் காட்ரிஜ்ஜுக்கு ஊசியால மை நிரப்பிறானாம். அதைக் கேட்டுப் பாருங்கோ," என்றாள்.

அஸீம் உண்மையில் நிரப்பித்தான் கொடுத்தான். பிரதான வீதியில் கடை. "ஒண்டு கொண்டாங்க அண்ணன், ரெண்டு நிமிஷ வேலை," என்றான். குணரத்தினம் இந்த நல்ல செய்தியைக் கொண்டுபோய் அருளம்பலத்திடம் சொன்னபோது, அவர் கதிரையைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"நிரப்பிறதோ! ஏழு வருஷமாப் பாடுபட்டுச் சேர்த்த வெறுமையை ஒரு ஊசியால கெடுக்கப் பாக்கிறீங்கள். நிரப்பினால் அது வெறுமை இல்லை. வெறுமை இல்லையெண்டால் மீள்சுழற்சி இல்லை. மீள்சுழற்சி இல்லையெண்டால் கேடயம்?" அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து மறித்துக்கொண்டார். "இப்பிடிச் சுயநலமாய் யோசிக்கிற ஆக்களாலதான் உலகம் அழியுது."

உலகம் அழிவதற்குத் தான் காரணம் என்று குணரத்தினம் அன்றைக்குத்தான் அறிந்தார்.

ஆனி பிறந்து மூன்றாம் நாள் சபை வந்தது. கொழும்பிலிருந்து ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கி, பதினாறு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி வந்தார்கள். தலைவர் சோமசேகரம். அவரோடு இரண்டு உறுப்பினர். அந்த இருவரும் 'ஓம்' என்று ஆமோதிப்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி நான் கேள்விப்படவில்லை. கந்தோர் வாசலில் நிறைகுடம் வைத்து, மாலை போட்டு வரவேற்றார்கள். சீட்டுக்கு வந்த குணரத்தினத்தைக் கூட்டம் காட்டுவதற்காக முன்வாங்கில் இருத்தினார்கள்.

அருளம்பலம் பேசினார்: "பெரியோர்களே! இந்த ஏழு வருஷத்துக்குள்ள சண்டை வந்தது, சுனாமி வந்தது, திரும்பவும் சண்டை வந்தது. ஊரில எத்தினையோ காணாமல் போச்சு. ஆனால் நான் நெஞ்சை நிமித்திச் சொல்லுவன், என்ர அலுமாரியில ஒரு வெற்றுக் காட்ரிஜ்கூடக் காணாமல் போகேல்லை!"

கைதட்டினார்கள். குணரத்தினமும் தட்டினார், எல்லோரும் தட்டினபடியால்.

சோமசேகரம் பதிலுக்கு எழுந்தார். "நாங்கள் ஒண்டையும் குடுக்க வரேல்லை. ஒண்டையும் எடுக்கவும் வரேல்லை. இல்லாததை இல்லையெண்டு உறுதிப்படுத்த வந்தனாங்கள். அது லேசான வேலை எண்டு நினைக்க வேண்டாம். இருக்கிறதை இருக்கு எண்டு ஒரு குழந்தைப்பிள்ளையும் சொல்லும்."

சோதனை தொடங்கியது. மஹ்ரூப் ஒவ்வொரு காட்ரிஜ்ஜாகப் பிரிண்டருக்குள் போட வேண்டும். ஒரு பக்கம் அச்சடிக்க வேண்டும். எதுவும் விழாவிட்டால் அது வெறுமை. விழுந்தால் பாவனைக்குரியது. எதை அச்சடிப்பது என்று கேள்வி வந்தது. அரசாங்கக் கடதாசியை வீணாக்கக் கூடாது, ஆகையால் ஏற்கெனவே கிடக்கிற ஒரு வேலையையே அடிக்கலாம் என்றார் சோமசேகரம். கடதாசிக் கோவையின் மேலே கிடந்தது குணரத்தினத்தின் சீட்டு.

முதலாவது காட்ரிஜ். வெற்றுத் தாள். சோமசேகரம் சிவப்பு முத்திரையை எடுத்துக் காட்ரிஜ்ஜின் முதுகில் குத்தினார்: 'பாவனைக்கு உதவாது. நீக்கப்பட்டது.' பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. விரல் பட்டதும் வழித்துக்கொண்டு போனது. சபை கால் மணித்தியாலம் கூடிக் கதைத்தது. கடைசியில் முத்திரையைக் காட்ரிஜ்ஜுக்குப் பதிலாக அது துப்புகிற தாளில் குத்துவதென்றும், பிறகு தாள்களைப் பார்த்துப் பட்டியல் எழுதுவதென்றும், தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுவதைத் தவிர யாரும் தம்பாட்டுக்கு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாதென்றும் முடிவானது. உறுப்பினர் இருவரும் 'ஓம்' என்றார்கள்.

மத்தியானம்வரை நூற்று முப்பத்தேழு தாள் வெறுமையாக வந்தன. குணரத்தினத்தின் பெயர் நூற்று முப்பத்தேழு தரம் விழாமல் விழுந்தது. நூற்று முப்பத்தெட்டாவது காட்ரிஜ்ஜைப் போட்டபோது பிரிண்டரின் சத்தமே வேறாக இருந்தது. யாரோ முடியுமுன்னரே கழற்றிவைத்த காட்ரிஜ்போல. தாள் மெல்ல வெளியே வந்தது. கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு. முகம், மீசை, நெற்றித் தழும்பு, பெயர், ஊர், வள்ளத்தின் இலக்கம், ஒரு புள்ளி குறையாமல்.

குணரத்தினம் வாங்கிலிருந்து துள்ளி எழுந்தார். ஒரு மாதமாகத் தேடிய தன்னைத் தானே கண்ட சந்தோசம். "அது என்ர சீட்டு, ஐயா!"

"இது சீட்டில்லை, சாட்சியம்," என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் சோமசேகரம். "சீட்டெண்டால் உங்கட கையில தரலாம். சாட்சியம் எண்டால் கோவையில கிடக்க வேணும்." அதன் தலையில் 'பாவனைக்குரியது' என்று எழுதினார்.

"அப்ப அதே காட்ரிஜ்ஜால இன்னொண்டு அடிச்சுத் தாங்கோவன், ஐயா."

சோமசேகரம் யோசித்தார். பாவனைக்குரிய பொருளைப் பாவிக்கலாம் என்பதில் சட்டத்தில் தடையில்லை என்றார். கைக்கெட்டியது வாய்க்கு எட்டப்போகிற நேரம் அருளம்பலம் குறுக்கே விழுந்தார். பக்கத்து மாவட்டத்தில் இருநூற்றுப் பதின்மூன்று காட்ரிஜ் இருக்கிறதென்று அவருக்குச் செய்தி வந்திருந்தது. இது ஒன்று குறைந்தால் சரிக்குச் சரி.

"வெறுமையாக்கிப்போட்டு ஒப்படைக்கிறம், ஐயா! இப்பவே வெறுமையாக்கிறம்!"

வெறுமையாக்க எதை அடிப்பது? அவருடைய வரவேற்புரை இருந்தது. மூன்று மொழியிலும், படத்தோடும், தடித்த எழுத்தில் அடிக்கத் தொடங்கினார்கள்.

"சேர், என்ரய முதல் ஒண்டு அடிச்சுப்போட்டு அடியுங்கோவன். ஒரேயொரு தாள்," என்று குணரத்தினம் கும்பிட்டார்.

"அரச பிரதி முதல், பொதுமக்கள் பிரதி பிறகு. இது ஒழுங்கு. நீங்கள் வரிசையில நிக்கிறீங்கள்தானே?"

குணரத்தினம் பிரிண்டருக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார். வரிசையில் வேறு யாரும் இல்லை. வரவேற்புரை பத்துப் பிரதி வந்தது, இருபது வந்தது. முப்பதாவதில் அருளம்பலத்தின் தலைமயிர் நரைத்தது. முப்பத்தேழில் மூக்கு மறைந்தது. மஹ்ரூப் பார்க்காதவர்போல இரண்டு தரம் தாளைச் சிக்கவைத்து நேரம் கடத்திப் பார்த்தார். அதற்கும் பலனில்லை. நாற்பதாவது பிரதி வெள்ளையாக வந்தபோது, "இப்ப உங்கட முறை," என்றார் அருளம்பலம்.

வெள்ளைத் தாள் வந்தது. குணரத்தினம் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அழுதால் ஆறும். ஆனால் மாலை போட்டவர்களுக்கு முன்னால் எப்படி அழுவது?

இனி நூற்று முப்பத்தெட்டை நீக்க வேண்டும். புதுத்தாள் வீண் என்று, அந்தக் கறுகறுத்த பழைய தாளிலேயே 'பாவனைக்குரியது' என்பதை வெட்டிவிட்டு, சோமசேகரம் சிவப்பு முத்திரையைக் குத்தினார். பின்னேரம் உறுப்பினர் இருவரும் தாள்களைப் பார்த்துப் பட்டியல் எழுதினார்கள். இருநூற்றுப் பதின்மூன்று தாளில் ஒன்றுமில்லை. ஆகவே 'வெற்றுக் காட்ரிஜ் ஒன்று' என்று இருநூற்றுப் பதின்மூன்று தரம் எழுதினார்கள். ஒரு தாளில் இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினார்கள்.

பட்டியலின் பிரதி ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் போனது. காட்ரிஜ் ஏற்றிய லொறி வழியில் மறிபடக் கூடாதல்லவா? சல்லிக் காவலரணுக்கும் ஒன்று வந்தது. இரண்டு நாள் கழித்து, வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு வள்ளத்தில் சாய்ந்திருந்த குணரத்தினத்திடம் பெடியன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அய்யா, உங்கள நீக்கிட்டாங்க."

"என்ன?"

"நூத்தி முப்பத்தெட்டு. குணரத்தினம், சல்லி. பாவிக்க ஏலாது, நீக்கினது." அவன் முகத்தில் உண்மையான கவலை. "நீக்கின சாமான் பீச்ல வைக்க ஏலாது, அய்யா. வீட்டுக்குப் போங்க."

அன்று முதல் குணரத்தினத்துக்குக் கரையும் இல்லாமற் போனது. வீட்டுக்குள் இருந்துகொண்டு யன்னலால் நெத்தலியைப் பார்த்தார். இளைய மகள், "அப்பா, உங்களை எறிஞ்சுபோட்டாங்களோ?" என்று கேட்டாள். பூரணி அவளுக்கு ஒரு அடி போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள்.

அதேவேளை லொறியும் முதலாம் சாவடியில் மறிபட்டுத் திரும்பி வந்தது. பட்டியலில் இருநூற்றுப் பதின்மூன்று காட்ரிஜ்ஜும் ஒரு ஆளும். லொறியில் இருநூற்றுப் பதினாலு காட்ரிஜ், ஆள் இல்லை. கூடுதலாக இருந்த ஒரு காட்ரிஜ்ஜை இறக்கி மஹ்ரூபின் மேசை லாச்சிக்குள் போட்டார்கள். ஆளை ஏற்ற முடியாது, மீள்சுழற்சித் தொழிற்சாலை பிளாஸ்டிக் மட்டும்தான் எடுக்கும் என்றான் சாரதி.

அருளம்பலம் குணரத்தினத்தையும் பூரணியையும் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "சபை நீக்கினதைச் சபைதான் திருப்பிச் சேர்க்கலாம். அவை திரும்ப வர ஆறேழு வருஷம் செல்லும். ஆனால் சட்டம் கருணையுள்ளது. நீக்கின பொருளை மீள்சுழற்சி எடுக்காட்டில், பதினாலு நாளுக்குள்ள பகிரங்க ஏலத்தில விக்கலாம்."

"என்ர மனிசனையோ?" என்றாள் பூரணி.

"மனிசனை இல்லை, தங்கச்சி. நூற்று முப்பத்தெட்டாம் இலக்கப் பொருளை."

ஏலம் கந்தோர் விறாந்தையில் நடந்தது. மூன்று கால் கதிரை, இறக்கை இல்லாத மின்விசிறி, தட்டெழுத்துப் பொறி ஒன்று, குணரத்தினம். அவருடைய சட்டைப் பையில் இலக்கத்தை ஊசியால் குத்தியிருந்தார்கள். வேட்டியும் வெள்ளைச் சட்டையும் கட்டி, கல்யாணத்துக்கு நின்றமாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூதூரிலிருந்து வந்த பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது என்ன வேலை செய்யும்?" என்று கேட்டார்.

அருளம்பலம் பட்டியலைப் பார்த்து, "பாவனைக்கு உதவாது," என்று உண்மையைச் சொன்னார்.

"ஆர் சொன்னது?" பூரணி சனத்தை விலத்திக்கொண்டு முன்னே வந்தாள். "விடியப்புறம் தனிய வலை வளைக்கிற ஆள். பத்துப் பாகம் ஆழத்தில முக்குளிக்கிற ஆள். ரெண்டு பிள்ளையைப் பெத்து வளர்க்கிற ஆள். உங்கட மின்விசிறியோட கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறியள். அம்பது ரூபா. ஆராவது மேல கேட்டுப் பாருங்கோ."

யாரும் கேட்கவில்லை. இரும்பு வியாபாரி பின்னுக்குப் போய் மூன்று கால் கதிரையில் இருக்கப் பார்த்து விழுந்தார்.

மஹ்ரூப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்து, காபன் தாள் வைத்து, பேனையை அழுத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார், கேட்காமலே சிங்களத்திலும் எழுதினார். 'குணரத்தினம், சல்லி. எண்ணிக்கை: ஒன்று. உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது. வாங்கியவர் தம் விருப்பப்படி பாவிக்கலாம். திருப்பி ஏற்கப்படமாட்டாது.' கீழே முத்திரை.

பூரணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மஹ்ரூப் நானா, பேனையால எழுதினால் செல்லாதெண்டவை?"

"சீட்டு அச்சிலதான் வரணும், தங்கச்சி. பற்றுச்சீட்டு பேனையாலதான் எழுதணும்," என்ற மஹ்ரூப் தலையைத் தூக்கவில்லை. "நான் எழுதின சட்டமில்ல."

மறுநாள் விடிய பூரணி தன் பொருளைக் கூட்டிக்கொண்டு காவலரணுக்குப் போனாள். பெடியன் பற்றுச்சீட்டை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். ஆளுக்குத்தான் அனுமதிச் சீட்டு வேண்டும். பொருளுக்கு அதன் சொந்தக்காரர் இருந்தால் போதும்.

"இந்த சாமான் என்ன செய்யப் போற, அக்கா?"

"கடலுக்கு அனுப்பப் போறன்."

"ஹரி, சரி," என்று அவன் சிரித்துக்கொண்டே புத்தகத்தை நீட்டினான். வெளியே போகும் பொருட்கள் என்ற பக்கத்தில் பூரணி கையொப்பம் வைத்தாள். பின்னேரம் வள்ளம் நிறைய நெத்தலியோடு அவர் திரும்பி வந்தபோது, உள்ளே வரும் பொருட்கள் என்ற பக்கத்திலும் வைத்தாள். நிலைமை என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கேட்டான். "நல்லம் எண்டு போடு, தம்பி," என்றாள். ஆடி முழுவதும் இப்படியே போனது. பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு வந்தது. குணரத்தினம் வெட்கத்தை விட்டுவிட்டுப் பகிடியும் விடத் தொடங்கினார். கேடயமும் அருளம்பலத்துக்கே கிடைத்தது. ஒரு காட்ரிஜ் குறைந்து சரிக்குச் சரியாய்ப் போனாலும், மக்கள் பங்களிப்பு என்று ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டிருந்தார்கள்.

கதை ஊர் ஊராகப் பரவியது. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காத ஒருத்தி ஆவணி முதற் கிழமையில் சல்லிக்குத் தேடி வந்தாள். பெயர் அன்னலட்சுமி. சம்பூர்க்காரி. போன வருடம் இடம்பெயர்ந்து முகாமில் இருப்பவள். மகன் ஆனந்தராசா மருந்து வாங்கவென்று போய்ப் பதினொரு மாதம். சைக்கிளைச் சந்தியில் கண்டெடுத்தார்கள். ஆளைக் காணவில்லை. அவள் ஏறாத கந்தோர் இல்லை.

பற்றுச்சீட்டை ஒருக்கால் காட்டச் சொன்னாள். வாசிக்கத் தெரியாது, ஆனால் முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"உண்மைதானோ, பிள்ளை? காசு கட்டினால் ஆளைக் குடுக்கினமோ?"

பூரணி பாயை விரித்து அவளை இருத்தினாள்.

"அடுத்த ஏலம் எப்ப எண்டு தெரியுமோ? என்னட்டைக் கொஞ்சம் காசு கிடக்கு. தோடும் கிடக்கு." சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "பெடியன்ர இலக்கம்தான் எனக்குத் தெரியாது. இலக்கம் தெரியாட்டில் கேக்க விடமாட்டினமோ?"

அன்றைக்குக் குணரத்தினம் கடலுக்குப் போகவில்லை. மூவரும் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனார்கள். அருளம்பலம் கேடயத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "பொருள் இலக்கம் இல்லாமல் ஒண்டும் பார்க்க ஏலாது," என்றார். மஹ்ரூப் எழுந்து, அலுமாரியைத் திறந்து, பெரிய பதிவேட்டை எடுத்துவந்து அன்னலட்சுமிக்கு முன்னால் விரித்தார்.

முதற்பக்கத்திலிருந்து தொடங்கினார். கதிரை, மேசை, விளக்கு, காட்ரிஜ், காட்ரிஜ், காட்ரிஜ். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, மனதுக்குள் வாசித்து, கீழே இறங்கினார். அதில் இராது என்று அவருக்குத் தெரியும். கூட வந்த இருவருக்கும் தெரியும். அவள் மட்டும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வந்தது.

"இதில இல்ல, உம்மா," என்றார்.

"அப்ப மற்றப் புத்தகம் ஆரிட்ட இருக்கு, தம்பி?"

மஹ்ரூப் பதிவேட்டை மறுபடியும் முதற்பக்கத்துக்குத் திருப்பி, முதலாவது வரியில் விரலை வைத்தார்.